எழுபத்தெட்டு நானூறு

கருங்கல் ரேஷன் கடையில் நிறுத்துப் போடுபவன் நான்.
புழுங்கல், பச்சரிசி, சீனி, பருப்பு,
எதுவானாலும் கிராம் சுத்தம்.
திராசு பொய் சொல்லும் என்று எவராவது சொன்னால்
எனக்குக் கோபம் வரும்.

இடவப்பாதி மழை பிடித்த வாரம்
பரோட்டாக் கடை மாடியில் ஜிம்மில் சேர்ந்தேன்.
மைத்துனன் கல்யாண ஆல்பத்தில்
மணமக்களுக்குப் பின்னால் என் வயிறு நின்றது.
அதற்குப் பின்னால் நான்.
ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ஐநூறு குறைவு என்றார்கள்.
கட்டினேன்.

குந்தி எழும்போதெல்லாம்
கீழே கல்லில் ஒரு முட்டை உடையும்.
பீஃப் வறுவலின் மணத்துக்குள் தலையை விட்டு
பத்து, பதினொன்று என்று எண்ணுவேன்.
பன்னிரண்டாவது மட்டும் வருவதற்கு
வெகுநேரம் பிடிக்கும்.

ஏழாம் நாள் அஜினிடம் கேட்டேன்,
எப்போது தெரியும் என்று.
குலசேகரத்துப் பையன்.
என் வியர்வையைப் பெஞ்சிலிருந்து துடைத்தபடியே சொன்னான்:
"ரப்பர் நட்டா ஏழு வருசம்
ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டிய.
இங்க வந்தா ஏழாம் நாளு கேப்பிய."

கடை அடைக்கும்போது ஷட்டரைப் பாதி இறக்கி
செருப்பைக் கழற்றிவிட்டு
அரிசி நிறுக்கும் தட்டில் ஏறுவேன்.
எழுபத்தெட்டு நானூறு.
ஆடிச் சாரலிலும் எழுபத்தெட்டு நானூறு.
ஓணத்துக்கு மறுநாள் எழுபத்தெட்டு அறுநூறு,
அது பாயசம்.
கடைசி இலக்கம் மட்டும் நிற்காமல் துடிக்கும்.
மூச்சை அடக்கினால் அதுவும் நின்றுவிடும்.

"நீங்க தேயல்ல,
கண்ணாடிதான் தேயுது" என்றாள் பிந்து.

அவள் சொல்வதும் சரிதான்.
சட்டையைக் கழற்றிப் பார்த்தால்
தோளுக்குள் யாரோ புதிதாய்க் குடிவந்த மாதிரி இருக்கும்.
விளக்கு எரிகிறது,
ஆளைக் காணோம்.
புரட்டாசியில் போவதை விட்டேன்.
விட்டதும் யாருக்கும் தெரியவில்லை.

துலா மழையில் ஒரு ராத்திரி
கடையின் மேற்கு மூலை ஒழுகிற்று.
சுமட்டுக்காரர்கள் எல்லாரும்
முள்ளங்கினாவிளையில் ஒரு சாவு வீட்டில்.
ஐம்பது கிலோ மூட்டை, முப்பத்துநான்கு.
பிந்து டார்ச் பிடித்தாள்.
கிழக்குச் சுவரோரம் ஒன்றை வைத்துவிட்டு
அடுத்ததற்குக் குனிந்தேன்.
அடுத்தது இல்லை.
அவள் என்னவோ சொல்ல வந்து
டார்ச்சை அணைத்தாள்.

மறுநாள் வரிசையில் முதல் ஆள் லீதியாள்.
"வில்பிரட்டே, ஒனக்கு வல்ல சீக்கும் உண்டா?
கழுத்தெல்லாம் வத்திப் போச்சே.
சுகர் பாத்தியா?"

அவ்வளவுதான்.
ஒருத்தி பாகற்காய் என்றாள்.
ஒருவர் நெய்யூருக்குப் போகச் சொன்னார்.
கடைசியில் நின்றவன் எட்டிப் பார்த்து
ஆமா, முகமும் ஒட்டிப் போச்சு என்றான்.
நான்கரை மாதம் ஒருவரும் காணாத உடம்பை
ஒரு வரிசையே நின்று கண்டது.
சிரிப்பை அடக்க
சீனி மூட்டையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கைரேகை இயந்திரத்தில் லீதியாள் விரலை வைத்தாள்.
ஏற்கவில்லை.
சேலையில் துடைத்து வைத்தாள்.
ஏற்கவில்லை.
பெருவிரல், நடுவிரல், மறுகை.
அண்டி ஆபீசில் இருபத்தாறு வருடம்
தொலி உரித்த விரல்கள்.
கூழாங்கல் போல மழமழவென்று இருந்தன.

"எப்பம் தேஞ்சுதுன்னே தெரியல்ல மக்கா" என்றாள்.
"போன வருசம் வர எடுத்துது."

கையெழுத்து வாங்கிக்கொண்டு நிறுத்தேன்.
இருபது கிலோ.
அரிசி மூச்சு விடாது,
எண் உடனே நின்றது.
இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தேன்,
கொஞ்சம் நெஞ்சை விரித்துத்தான்.
அவள் ஒரு கையால் வாங்கி
இடுப்பில் வைத்துக்கொண்டு
மற்றக் கையால் குடையை விரித்தாள்.